சியாட்டில் பக்கம் பிங்க் சால்மன் பிடிக்கப் போறீங்களா? ரன் டல்லா இருக்கற சீசனுக்கு ஒரு வழிகாட்டி

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க ஆகஸ்ட் வந்தாலே கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, பிங்க் சால்மன் வந்துருச்சாமே, எங்க போகணும், என்ன வாங்கணும்னு. கடல்ல இருந்து ஆத்துக்குக் கூட்டமா மீன் திரும்பி வர்றதத்தான் இங்க ரன்னு சொல்றாங்க. ரன் நல்லா இருக்கற வருஷத்துல பெருசா ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டாம், கரையில நின்னு பிங்க் கலர்ல எதை வீசினாலும் மாட்டும். ரன் மெதுவா, விட்டு விட்டு வர்ற சீசன்லதான் புதுசா போறவங்க நொந்து போயிடறாங்க. லைசன்ஸ் தகவல் ஒரு இடத்துல, ரூல்ஸ் இன்னொரு இடத்துல, கடல் தண்ணி ஏறி இறங்கற டைட் நேரம் வேற எங்கயோன்னு எல்லாம் சிதறிக் கிடக்கும், நான் ஒவ்வொண்ணா தேடித்தான் கத்துக்க வேண்டியிருந்துச்சு, உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் எழுதறேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே மனசுல வச்சுக்கோங்க. ஸ்லோ ரன்னா மீனே இல்லைன்னு அர்த்தம் இல்ல. சின்னச் சின்ன கூட்டமா வருது, கரையை ஒட்டி அரை மணி நேரம் போகுது, அப்புறம் ரெண்டு மூணு மணி நேரம் ஒண்ணுமே இருக்காது. அந்த அரை மணி நேரத்துல உங்க தூண்டில் தண்ணிக்குள்ள இருக்கணும், முடிச்சு போட்டுக்கிட்டோ, ரூல்ஸ் தேடிக்கிட்டோ நிக்கக் கூடாது. மத்ததெல்லாம் இதுக்கான தயாரிப்புதான்.

1. வருஷத்தையும் மாசத்தையும் பாருங்க

பிங்க் சால்மனுக்கு ஆயுசு ரெண்டே வருஷம். சியாட்டிலை ஒட்டி இருக்கற பியூஜெட் சவுண்டுங்கற உள்கடல்ல ஒத்தைப்படை வருஷத்துலதான் வரும். 2025 முடிஞ்சுது, அடுத்தது 2027. இரட்டைப்படை வருஷத்துல ஸ்னோஹோமிஷ் ஆத்துக்கு மட்டும் கொஞ்சம் வரும், அதை நம்பி சாமான் வாங்காதீங்க.

வடமேற்குல சீக்கியு பக்கம் ஜூலை கடைசியிலயே தலைகாட்டிடும். சியாட்டில், எட்மண்ட்ஸ், டகோமா கரைகளுக்கு ஆகஸ்ட் நடுவுல இருந்து கடைசி வரைக்கும் நல்ல நேரம். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர்னா ஆறுகள்தான், ஸ்னோஹோமிஷ், ஸ்கைகோமிஷ், ஸ்காஜிட், புயாலப், டுவாமிஷ் இப்படி. ஸ்லோ ரன்ல இது கொஞ்சம் தள்ளிப் போகலாம், அதனால லீவு போடறதா இருந்தா எல்லா நாளையும் ஒரே வாரத்துல போட்டு முடிச்சுடாம ஆகஸ்ட் 3வது, 4வது வாரத்துக்குப் பிரிச்சு வச்சுக்கோங்க.

2. லைசன்ஸும் கேட்ச் கார்டும்

வாஷிங்டன்ல 15 வயசு ஆன எல்லாருக்கும் லைசன்ஸ் வேணும். இதுல கடலுக்கு தனி, ஆறு ஏரிக்கு தனி, எல்லாம் சேர்ந்த காம்பினேஷன் தனின்னு இருக்கு. நீங்க கரையில கடல்ல மட்டும் பிடிக்கறதா இருந்தா சால்ட்வாட்டர் போதும். செப்டம்பர்ல ஆத்துக்கும் போற ஐடியா இருந்தா காம்பினேஷனே வாங்கிடுங்க, தனித்தனியா வாங்கறதை விட அது மலிவு. 2025 ஜூலையில கட்டணத்தை ஏத்திட்டாங்க, இங்க குடியிருக்கறவங்களுக்கு கடல் லைசன்ஸ் வருஷத்துக்கு 40 டாலர் பக்கம் வருது. பழைய பதிவுகள்ல போட்டிருக்கற விலையை நம்பிப் போகாதீங்க.

வருஷம்னா ஜனவரி டு டிசம்பர் இல்ல, ஏப்ரல் 1-ல இருந்து மார்ச் 31 வரைக்கும். பிப்ரவரியில ஆசையா வாங்கினா ஆகஸ்டுக்கு அது செல்லாது.

ரெசிடன்ட் கட்டணம் கிடைக்கணும்னா இந்த ஸ்டேட்ல 90 நாள் குடியிருந்திருக்கணும், வாஷிங்டன் டிரைவிங் லைசன்ஸ் மாதிரி ஒரு அத்தாட்சி கையில வச்சுக்கோங்க. விசா எதுங்கறது இதுல பிரச்சனை இல்ல. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கேப்பாங்க. ஊர்ல இருந்து வந்திருக்கற அப்பா அம்மா, மாமனார் மாமியார் தூண்டில் பிடிக்க ஆசைப்பட்டா அவங்களுக்கு 1, 2, 3 நாளைக்குன்னு தற்காலிக லைசன்ஸ் இருக்கு, பாஸ்போர்ட்டோட கடைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க. சும்மா நாற்காலி போட்டு உக்காந்து பாக்கறதுக்கு எதுவும் வேண்டாம், ஆனா ஒரு நிமிஷம் ராடை வாங்கிப் பிடிச்சாலும் அது மீன்பிடிக்கறதுதான், ஆபீசர் வந்தா கேப்பாரு.

அடுத்தது கேட்ச் ரெக்கார்ட் கார்டு, பிடிச்சு வச்சுக்கற மீனைக் குறிச்சு வைக்கற அட்டை. சால்மனுக்கு இது கட்டாயம், லைசன்ஸ் வாங்கும்போதே சால்மன் கார்டு வேணும்னு வாயைத் திறந்து கேளுங்க. 15 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு லைசன்ஸ் வேண்டாம், ஆனா அவங்க பேர்ல கார்டு வேணும், இதைத்தான் நிறைய குடும்பங்கள் கோட்டை விடறாங்க. மீனை வச்சுக்கறதுன்னு முடிவு பண்ணின உடனே, அடுத்த வீச்சுக்கு முன்னாடி, பேனாவுல எழுதணும். கார்ல போய் எழுதிக்கலாம், வீட்ல எழுதிக்கலாம்னா ஃபைன்.

லைசன்ஸை ஆன்லைன்லயும் வாங்கலாம், ஆனா முதல் தடவை ஃப்ரெட் மேயர் மாதிரி கடையில ஸ்போர்ட்ஸ் கவுன்டர்ல போய் வாங்கினா கார்டு அன்னிக்கே கையில இருக்கும். வாங்கினதும் அங்கயே நின்னு ஒரு தடவை படிங்க. எனக்கு ஒரு கடையில கடல் லைசன்ஸ் கேட்டதுக்கு ஆத்து லைசன்ஸை அடிச்சுக் கொடுத்தாங்க, கவுன்டர்ல நிக்கும்போதே பாத்ததால மாத்திக்க முடிஞ்சுது. அதையே எடுத்துக்கிட்டு கரைக்குப் போயிருந்தா லைசன்ஸ் இல்லாம பிடிச்ச கணக்குதான்.

3. பார்க்கிங் பாஸ்

சின்ன விஷயம், ஆனா காசு போகும். ஸ்டேட் பார்க்குக்குள்ள வண்டி நிறுத்த டிஸ்கவர் பாஸ் வேணும். வருஷ பாஸ் 30 டாலரா இருந்துச்சு, 2025 அக்டோபர்ல இருந்து 45. லைசன்ஸோட வண்டிக்குன்னு ஒரு பாஸ் சேர்ந்து வரும், அது மீன்வளத் துறையோட சொந்த இடங்களுக்கு மட்டும்தான், ஸ்டேட் பார்க்ல அதை மாட்டிட்டுப் போனா 99 டாலர் டிக்கெட் வரலாம். லிங்கன் பார்க் மாதிரி சிட்டி பார்க்குக்கு இது எதுவும் வேண்டாம்.

4. ஏரியா நம்பர் தெரியாம கிளம்பாதீங்க

கடலை மரைன் ஏரியான்னு நம்பர் போட்டுப் பிரிச்சிருக்காங்க. லிங்கன் பார்க் ஏரியா 10. டேஷ் பாயின்ட், பிரவுன்ஸ் பாயின்ட் ஏரியா 11. பாயின்ட் நோ பாயின்ட் ஏரியா 9. மக்கில்டியோவுக்கும் எட்மண்ட்ஸுக்கும் நடுவுலயே கோடு மாறுது. ஏரியா மாறினா எத்தனை மீன், எந்த மீன், எந்த நாள் எல்லாம் மாறும். 2025-ல பல ஏரியாக்கள்ல ஒரு நாளைக்கு 2 சால்மன், அதுக்கு மேல கூடுதலா 2 பிங்க்னு இருந்துச்சு, ஆனா அதே கணக்கு அடுத்த சீசன்லயும் இருக்கும்னு எடுத்துக்காதீங்க.

முக்கியமா ஸ்லோ ரன் வருஷத்துல சீசன் நடுவுல எமர்ஜென்சி ரூல் போட்டு மூடுவாங்க, குறைப்பாங்க. துறையோட ஃபிஷ் வாஷிங்டன் ஆப்பை போன்ல போட்டுக்கோங்க, நீங்க நிக்கற இடத்துக்கு என்ன ரூல்னு காட்டும். கிளம்பறதுக்கு முந்தின நாள் ராத்திரி எமர்ஜென்சி ரூல் பக்கத்தையும் பாருங்க. கரையில சிக்னல் கிடைக்காம போகலாம், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டா நல்லது.

இன்னொரு கூத்து குடும்பமா போறவங்க கிட்ட நடக்கும். வீட்டுக்காரரு நாலு மீன் பிடிச்சுட்டு, மிச்சத்தை மனைவி கணக்குல போட்டுக்கலாம்னு பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. கரையில நின்னு பிடிக்கும்போது அது கூடவே கூடாது. அவங்கவங்க மீனை அவங்கவங்கதான் பிடிக்கணும்.

5. சாமான், செலவு

பிங்க் பெரும்பாலும் 3 டு 5 பவுண்டுதான். பெரிய ராட் வேண்டாம். எட்டரை அல்லது 9 அடி, மீடியம் லைட் ஸ்பின்னிங் ராட், 2500 அல்லது 3000 சைஸ் ரீல், 10 டு 15 பவுண்டு பிரெய்டு லைன், அதோட நுனியில கட்ட 10 பவுண்டு லீடர்ங்கற தனி நரம்பு. ராடும் ரீலும் சேர்த்து 70 டு 100 டாலருக்குள்ள உருப்படியாவே கிடைக்கும்.

தூண்டில் நுனியில போடற செயற்கை இரைன்னா பஸ் பாம்ப், ரொட்டேட்டர், பாயின்ட் வில்சன் டார்ட், குட்டி பிங்க் ஸ்க்விட் ஜிக், இதெல்லாம் இங்க எல்லாரும் போடறது. கலர் பிங்க், அதுல குழப்பமே வேண்டாம். ஒவ்வொண்ணும் 5 டு 8 டாலர் வரும், கல்லுல மாட்டி அறுந்து போகும், அதனால நாலஞ்சாவது கையில இருக்கணும். ஸ்லோ ரன்ல கலரை மாத்தறதை விட சைஸை மாத்தறதுதான் வேலை செய்யுது, 3 இன்ச்சுக்கு மீன் தட்டலைன்னா, அதாவது கடிக்கலைன்னா, 2 இன்ச்சுக்கு இறங்குங்க. அதனால ரெண்டு சைஸ்லயும் வாங்குங்க.

அடுத்தது முள்ளு. பாக்கெட்டுல மூணு முள் சேர்ந்த ஹூக் வரும், அதை அப்படியே போட்டா தப்பு. பியூஜெட் சவுண்டு கடல்ல சால்மனுக்கு ஒத்தை முள், அதுலயும் நுனிக்குப் பின்னாடி எதிர்ப் பக்கமா நிக்கற அந்தக் குட்டிக் கூர் இருக்கக் கூடாது. பிளையர் வச்சு நல்லா அமுக்கிடுங்க. அமுங்கிடுச்சான்னு பாக்க ஒரு பழைய காட்டன் துணியில குத்தி இழுங்க, நூல்ல மாட்டாம வழுக்கிட்டு வரணும். மாட்டுச்சுன்னா இன்னொரு தடவை அமுக்குங்க. வீட்லயே எல்லா முள்ளுக்கும் இதைப் பண்ணி முடிச்சுட்டுப் போங்க.

தண்ணி ஆகஸ்ட்லயும் சில்லுன்னு இருக்கும், தண்ணி உள்ள போகாத வேடர்ஸ்ங்கற பேன்ட் இருந்தா வசதி, 80 டு 100 டாலர். இல்லைன்னா டைட் ஏறும்போது கரையில நின்னே பிடிக்கலாம், மீன் அவ்வளவு கிட்ட வரும். வேடர்ஸ் போட்டா இடுப்புக்கு மேல இறங்காதீங்க, பெல்ட் கட்டுங்க. ஐஸ் பெட்டி, பக்கெட், கத்தி, பேனா, தலையில மாட்டற லைட், அவ்வளவுதான். முதல் வருஷம் வேடர்ஸ் இல்லாம பாஸ், லைசன்ஸ் எல்லாம் சேர்த்து 250 டாலர் பக்கம் ஆகும். காசு வாங்கிட்டு கூட்டிட்டுப் போற சார்ட்டர் போட்டுல போனா ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கே 200 டாலருக்கு மேல, ஸ்லோ ரன்ல அதுக்குக் கொடுக்கறது எனக்கு நியாயமா படலை.

6. இடமும் டைட்டும்

கரையில இருந்து பிடிக்க வெஸ்ட் சியாட்டில்ல லிங்கன் பார்க், தெற்குல டேஷ் பாயின்ட், ரெடோண்டோ, டெமாயின் பியர், விட்பி தீவுல புஷ் பாயின்ட், லகூன் பாயின்ட், கிட்சாப் பக்கம் பாயின்ட் நோ பாயின்ட். நிலம் கடலுக்குள்ள மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற இடங்கள்ல மீன் கரையை ஒட்டியே சுத்திப் போகும், அதனாலதான் பாயின்ட் பாயின்ட்னு பேர் வருது பாருங்க, அங்கதான் கூட்டம்.

புதுசா வர்றவங்க பண்ற ஒரே பெரிய தப்பு, நேத்து அங்க நல்லா மாட்டுச்சாம்னு கேட்டுட்டு இடம் மாத்தி மாத்தி ஓடறது. நேத்து வந்த கூட்டம் இன்னிக்கு அங்க இருக்காது. நீங்க கார்ல ஒரு மணி நேரம் ஓட்டறதுக்குள்ள முதல் இடத்துல கூட்டம் வந்து போயிருக்கும். உங்க வீட்டுக்குக் கிட்ட ஒரு கரையை எடுத்துக்கோங்க, அங்கயே திரும்பத் திரும்பப் போங்க, எந்த டைட்ல மீன் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பழகிடும்.

துறை தினமும் போட் இறங்கற இடங்கள்ல எண்ணி ரிப்போர்ட் போடறாங்க. அதுல மொத்த மீன் எண்ணிக்கையைப் பாத்து மயங்காதீங்க, மீனை ஆளுங்க எண்ணிக்கையால வகுங்க. 100 பேருக்கு 60 பிங்க்னா ஆளுக்கு ஒண்ணு கூட இல்ல, அது ஸ்லோ. அடுத்தடுத்த நாள்ல அந்த எண் ஏறுதான்னு பாருங்க, ஏறினா கிளம்பலாம். அது போட்ல போனவங்க கணக்கு, கரைக்கு அதுல பாதி கிடைச்சாலே நல்ல நாள்னு எடுத்துக்கோங்க.

டைட் டேபிள் அமெரிக்க அரசாங்கத்தோட நோவா (NOAA) சைட்ல இலவசம். விடியற நேரமும் தண்ணி நிறையற நேரமும் கிட்டக்கிட்ட வர்ற நாளைத் தேடிப் பிடிங்க. என் அனுபவத்துல ஹை டைடுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரமும் பின்னாடி ஒரு மணி நேரமும் போதும். வார நாள்ல போக முடிஞ்சா போங்க, சனி ஞாயிறுன்னா விடியறதுக்கு முன்னாடியே பார்க்கிங் நிறைஞ்சுடும்.

7. வீசற முறை

பஸ் பாம்பை வீசுங்க, கொஞ்சம் முங்க விடுங்க, ராடை மெதுவா மேல தூக்குங்க, திரும்ப இறக்கும்போது அது சுத்திக்கிட்டே கீழ போகும், அந்த தொய்வை மட்டும் ரீல்ல சுத்துங்க. தூக்கு, இறக்கு, சுத்து. மீன் தட்டறது பெரும்பாலும் அது கீழ இறங்கும்போதுதான், அதனால இறக்கும்போது லைனைப் பாருங்க, லேசா நின்னாலோ பக்கவாட்டுல நகர்ந்தாலோ மீன்தான். வேகமா சுத்தாதீங்க, பிங்குக்கு மெதுவாதான் பிடிக்கும், ஸ்லோ ரன்ல இன்னும் மெதுவா.

மீன் குதிக்கறதைப் பாத்தா அது மேலயே வீசாதீங்க. கூட்டம் எந்தப் பக்கம் நகருதுன்னு ரெண்டு மூணு குதியைப் பாத்து, அதுக்கு முன்னாடி வீசுங்க. குதிக்குது ஆனா தட்டலைன்னா சைஸை இறக்குங்க, அதுக்கும் வரலைன்னா இன்னும் ஆழத்துல விடுங்க.

மாட்டினதும் வெட்டி இழுக்காதீங்க. பிங்குக்கு வாய் ரொம்ப மெத்து, கிழிஞ்சு போயிடும், முள்ளுல எதிர்க் கூரும் இல்ல. மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமா வெளிய போகணும்னு வைக்கற ரீல் டிராகை லூஸா வச்சு, லைன் தொய்யாம பாத்துக்கோங்க, அது ஓடினா ஓட விடுங்க. பக்கத்துல ஒருத்தருக்கு மாட்டினா உங்க லைனை சுத்தி எடுத்துடுங்க, உங்களுக்கு மாட்டினா சத்தமா சொல்லுங்க, இங்க எல்லாரும் அப்படித்தான்.

8. கரைக்கு இழுக்கறதுக்கு முன்னாடி என்ன மீன்னு பாருங்க

விட வேண்டிய மீனை தண்ணிய விட்டு வெளிய தூக்கக் கூடாது, அதனால தண்ணியில இருக்கும்போதே தெரிஞ்சுக்கணும். பிங்குன்னா முதுகுலயும் வால் முழுக்கவும் பெரிய முட்டை வடிவ கருப்புப் புள்ளி, செதில் ரொம்ப ரொம்பச் சின்னது, வால்ல வெள்ளி மினுமினுப்பு இருக்காது. கோஹோங்கற சால்மனுக்கு வாலோட மேல் பாதியில மட்டும் புள்ளி, வால்ல வெள்ளிக் கோடு. சினூக்ங்கற சால்மனுக்கு வால் ரெண்டு பாதியிலயும் சின்னப் புள்ளி, கீழ் ஈறு கருப்பு. குட்டி சினூக்கை பிங்குன்னு நினைச்சு பையில போட்டு மாட்டறவங்க அதிகம். சினூக் பல ஏரியால சீசன் நடுவுல மூடிடும், அதனால சந்தேகம்னா விட்டுடுங்க.

பிங்க்னு உறுதியானதும் வலை இல்லைன்னா அலையோட சேர்த்து இழுங்க. அலை உள்ள வரும்போது லைனை இறுக்கமா வச்சுக்கிட்டு நீங்க பின்னாடி நடந்தா மீன் தானா கூழாங்கல்லு மேல வந்து படுத்துக்கும், அலை பின்வாங்கும்போது மட்டும் இழுக்காதீங்க, அப்பதான் முள் கழண்டுக்கும்.

ஆத்துல பிடிக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதுகுல, வயித்துல முள் குத்தின மீனை வச்சுக்கக் கூடாது, வாய்க்குள்ள மாட்டினதுதான் கணக்கு. கூன் பெருசாகி உடம்பு பச்சையும் பழுப்புமா மாறின ஆண் மீன் சாப்பிட நல்லா இருக்காது, அது முட்டை போடற இடத்துக்குப் போகட்டும்.

9. பிடிச்ச அஞ்சு நிமிஷம்

பிங்க் சால்மன் டேஸ்டா இருக்காதுன்னு சொல்றவங்க எல்லாரும் இந்த இடத்துலதான் கெடுக்கறாங்க, மீன் மேல குத்தமே இல்ல. இதோட சதை ரொம்ப மென்மை, வெயில்ல ஒரு மணி நேரம் கிடந்தா கூழாயிடும். பிடிச்ச உடனே தலையில ஒரு அடி, ரெண்டு பக்க செவுளையும் கத்தியால வெட்டுங்க, கடல் தண்ணி பிடிச்ச பக்கெட்டுல தலைகீழா வைங்க. தண்ணி செக்கச் செவேல்னு ஆகும், ஒரு தடவை மாத்துங்க, அப்புறம் வர்ற தண்ணி வெளிறி இருந்தா ரத்தம் வடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். குடலை எடுத்துட்டு, முதுகெலும்பை ஒட்டி கருப்பா ஓடற ரத்தக் கட்டியை கட்டை விரல் நகத்தால சுரண்டி எடுங்க, அதுதான் கவிச்சி வாடைக்குக் காரணம். அப்புறம் நேரா ஐஸுக்குள்ள, வயித்துக்குள்ளயும் ஐஸ். கயித்துல கட்டி தண்ணியில விடாதீங்க, சீல் வந்து எடுத்துட்டுப் போயிடும்.

துண்டு போடறதை வீட்ல வச்சுக்கோங்க. கரையில தலை, வால் எல்லாம் இருக்கணும், ஆபீசர் பாத்தா என்ன மீன்னு தெரியணும்.

10. வீட்டுக்கு வந்தப்புறம்

அன்னிக்கோ மறுநாளோ சமைச்சா அருமையா இருக்கும். வஞ்சிரம் மாதிரி கெட்டியா இருக்கும்னு எதிர்பாக்காதீங்க. குழம்புல போடறதா இருந்தா புளி நல்லா கொதிச்சு எண்ணெய் பிரிஞ்சப்புறம் கடைசியா போட்டு, கரண்டி போடாம சட்டியை மட்டும் ஆட்டிவிட்டு, அஞ்சாறு நிமிஷத்துல இறக்கிடுங்க. வறுக்கறதுன்னா தோலோட, ரவை பிரட்டி. எனக்குக் கேட்டா இந்த மீனுக்குன்னே பொருந்தினது புட்டுதான், சுறா புட்டு பண்ற அதே கைப்பக்குவம், மஞ்சள் உப்பு போட்டு வேக வச்சு உதிர்த்து, சின்ன வெங்காயம் பூண்டு பச்சை மிளகாயோட. பெண் மீன்ல சினை இருந்தா தூக்கிப் போடாதீங்க, மிளகுத்தூள் போட்டு வறுக்கலாம்.

பசங்க சுஷி மாதிரி பச்சையா சாப்பிடணும்னு கேப்பாங்க. காட்டு சால்மன்ல புழு இருக்கும், மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல 7 நாள் வச்சாத்தான் சாகும், வீட்டு ஃப்ரீசர் எல்லாம் அந்தக் குளிருக்குப் போறதில்ல, அதனால சமைச்சே கொடுங்க.

கடைசியா கேட்ச் கார்டு. சீசன் முடிஞ்சதும் டிராயர்ல போட்டு மறந்துடாதீங்க, ஏப்ரல் 30-க்குள்ள ஆன்லைன்லயோ தபால்லயோ அனுப்பணும். ஒரு மீன் கூட மாட்டலைன்னாலும், கரைக்கே போகலைன்னாலும் அனுப்பணும், ஏன்னா அடுத்த சீசன் கணக்குக்கு சைபரும் அவங்களுக்குத் தேவை. பசங்க பேர்ல வாங்கின கார்டுக்கும் இதே தேதிதான்.